வாட்ஸ்அப்பை விட்டு வெளியேற முடியாதது ஏன்?

சிம் கம்பெனி பிடிக்கவில்லையா? ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, நம் எண்ணைப் போட்டு 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். அதைப் புதுக் கம்பெனியின் கடையில் காட்டி ஆதாரைக் கொடுத்தால் சில நாளில் வேலை முடிந்தது. நடுவில் பழைய கம்பெனிக்காரர்கள் போன் போட்டு ஆஃபர் சொல்லிக் கெஞ்சுவார்கள், அது தனிச் சுவாரசியம். எண் மாறாது. நாம் கம்பெனி மாறியது நம்மை அழைக்கும் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது.

அதே எண்ணில்தான் வாட்ஸ்அப்பும் ஓடுகிறது. அதை விட்டுப் போவதையும் யாரும் தடுக்கப் போவதில்லை. கணக்கை அழிக்கலாம், ஆப்பைத் தூக்கிவிடலாம். ஆனால் பிள்ளையின் வகுப்பு குரூப், அபார்ட்மெண்ட் குரூப், அத்தை மாமா சித்தப்பா எல்லோரும் இருக்கும் குடும்ப குரூப், ரத்தப் பரிசோதனை முடிவை பிடிஎஃப்பாக அனுப்பும் லேப், எல்லாம் உள்ளேயே இருக்கும். வெளியே நிற்பது நாம் மட்டும்தான்.

பயனரின் கட்டுப்பாடு என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கிறோம். கடைசியாக வந்த நேரத்தை மறைக்கலாம், நீல டிக்கை அணைக்கலாம், புகைப்படத்தை யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். இவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை வாடகை வீட்டின் மின்விசிறி சுவிட்சுகள். வாடகையை ஏற்றும்போது ‘சரி, நான் காலி செய்கிறேன்’ என்று சொல்ல முடிகிறதா என்பதில்தான் குடியிருப்பவரின் பலம் இருக்கிறது.

தொலைபேசித் துறையில் இந்த வழியை யாரும் பெருந்தன்மையால் திறந்துவிடவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நடந்தது நினைவிருக்கலாம். ஜியோவிலிருந்து ஏர்டெல், வோடஃபோன், ஐடியா எண்களுக்குப் போட்ட அழைப்புகள் கொத்துக் கொத்தாகப் போய்ச்சேரவில்லை. இரண்டு நெட்வொர்க்குகள் இணையும் இடத்தில் பழைய கம்பெனிகள் போதுமான இணைப்புகளைத் தரவில்லை என்றது ஜியோ. இலவசமாகக் கொடுத்து வெள்ளம் போல அழைப்புகளைத் திருப்பிவிட்டால் எப்படித் தாங்குவது என்றன அவை. அந்த அக்டோபரில் மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். ஒரு நெட்வொர்க் இன்னொன்றின் அழைப்பை ஏற்றே ஆக வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. அது இருந்ததால்தான் புகார் கொடுக்கவே முடிந்தது. அரட்டை ஆப்களுக்கு அப்படி ஒரு நிபந்தனை நம் நாட்டில் இல்லை.

இத்தனைக்கும் இணைய அரட்டை பிறவியிலேயே மூடிய சரக்கு அல்ல. 2005-இல் வந்த கூகுள் டாக், எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில், அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொதுவான செய்திப் பரிமாற்ற முறையில், ஓடியது. அடுத்த ஆண்டே அது மற்ற எக்ஸ்எம்பிபி சேவைகளோடு கைகோத்தது. ஜிமெயிலிலிருந்து யாஹூ மெயிலுக்குக் கடிதம் போவது போல, கூகுள் கணக்கு இல்லாத ஒருவரோடும் அரட்டை அடிக்க முடிந்தது. 2010-இல் ஃபேஸ்புக்கும் தன் அரட்டைக்கு எக்ஸ்எம்பிபி வழியாக ஒரு கதவைத் திறந்தது. அன்று பிட்ஜின் போன்ற ஒரே மென்பொருளில் கூகுள், யாஹூ, ஃபேஸ்புக் நண்பர்களை ஒரே பட்டியலாக வைத்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். 2013-இல் கூகுள் டாக்குக்குப் பதிலாக ஹேங்கவுட்ஸ் வந்தபோது வெளிச் சேவைகளோடு இருந்த அந்த உறவைக் கூகுள் அறுத்துக்கொண்டது. 2015-இல் ஃபேஸ்புக்கும் கதவைச் சாத்தியது. வளரும்வரை திறந்த கதவு உதவியது. வளர்ந்த பிறகு அது போட்டியாளருக்கு உதவும் என்று ஆகிவிட்டது.

வாட்ஸ்அப்பின் கதை இன்னும் வேடிக்கை. அதன் உள்ளே ஓடத் தொடங்கியதும் அதே எக்ஸ்எம்பிபிதான், மொபைல் டேட்டாவுக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கியது. வெளியாரோடு மட்டும் அது முதல் நாளிலிருந்தே பேசவில்லை. அன்று யூசர்நேம் கிடையாது, நண்பர் கோரிக்கை கிடையாது. போன் எண்ணைப் பதிந்தால், நம் போனில் சேமித்து வைத்த எண்களில் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று அதுவே பொருத்திக் காட்டிவிடும். எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போய்க்கொண்டிருந்த நாட்டில், சாதாரண நோக்கியாவிலும் ஓடிய இந்த எளிமைக்கு ஈடு இல்லை. ஆனால் நம் முகவரிப் பட்டியல் அதற்குள் போனதால் ஒன்று நடந்தது. வாட்ஸ்அப்பில் சேராத ஒருவரின் எண்ணும் அங்கே போய்ச்சேர்ந்தது. அவர் சம்மதிக்க வேண்டியதில்லை, அவர் எண்ணை வைத்திருக்கும் யாரோ ஒருவர் சம்மதித்தால் போதும். தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பவருக்குக்கூட முழுக் கட்டுப்பாடு இல்லை.

2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. இரண்டின் கணக்குகளையும் நம்பகமாகத் தானாகப் பொருத்த வழியில்லை என்று அப்போது ஐரோப்பிய ஆணையத்திடம் அது சொன்னது. 2016 ஆகஸ்டில் வந்த புதிய கொள்கையோ கணக்குத் தகவல்களை ஃபேஸ்புக்கோடு பகிரப் போவதாகச் சொன்னது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மறுப்பதற்கு 30 நாள் அவகாசம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. பொருத்தும் வழி 2014-லேயே இருந்தது, தவறான தகவல் தந்தார்கள் என்று 2017 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. 1,900 கோடி டாலர் வியாபாரத்தில் அது பெட்டிக்கடைக் கணக்கு.

அடுத்த சுற்று 2021 ஜனவரி. வாட்ஸ்அப்பைத் திறந்தால் அறிவிப்பு ஒன்று வந்து நின்றது. கீழே ‘ஏற்கிறேன்’ என்று பச்சைப் பட்டை. ‘இப்போது வேண்டாம்’ என்றும் ஒரு வழி இருந்தது, பிப்ரவரி 8 வரைதான். அதன் பிறகு வாட்ஸ்அப் வேண்டும் என்றால் ஏற்றாக வேண்டும். ‘மறுக்கிறேன்’ என்று ஒரு பொத்தான் எங்கும் இல்லை. உள்ளே எழுதும் செய்திகள் 2016-லிருந்தே இரு முனைக்கும் இடையில் பூட்டப்பட்டவை, அவற்றை நிறுவனம் படிக்க முடியாது. அது உண்மைதான். பேச்சு அதைப் பற்றியதே அல்ல. யார் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி, எந்தக் கருவியிலிருந்து, எந்த வியாபாரக் கணக்கோடு என்ற புறத்தகவல்தான் கைமாறுவது. விளம்பரம் விற்பவருக்கு நாம் பேசிய சங்கதியைவிட இதுதான் உபயோகம்.

ஐரோப்பியப் பயனர்களுக்கு இதே அறிவிப்பு வேறு மாதிரி இருந்தது. அங்கே தனியுரிமைச் சட்டம் இருந்தது, நமக்கு அப்போது இல்லை. இந்தப் பாகுபாட்டைச் சுட்டி மத்திய அரசு வாட்ஸ்அப்புக்குக் கடிதம் எழுதியது. நிறுவனமோ நம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, உங்கள் தனியுரிமை எங்கள் மரபணுவில் இருக்கிறது என்ற தோரணையில் சமாதானம் சொன்னது. அதற்குள் சிக்னலும் டெலிகிராமும் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டன. வந்த கூட்டத்தைத் தாங்காமல் ஜனவரி 15 அன்று சிக்னல் படுத்தேவிட்டது. வாட்ஸ்அப் கெடுவை மே 15-க்குத் தள்ளியது. பிறகு ஏற்காதவர்களின் கணக்கை முடக்க மாட்டோம் என்றும் இறங்கி வந்தது.

அந்த ஜனவரியில் சிக்னலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள்? பெரும்பாலோர் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்பதுகூடச் சரியில்லை, அவர்கள் வாட்ஸ்அப்பை அழிக்கவே இல்லை. ஒரு குடும்ப குரூப்பில் இருபது பேர் இருந்தால் இருபது பேரும் ஒரே வாரத்தில் மாற வேண்டும். பெரியப்பாவுக்கு ஆப்பை இறக்கித் தர ஒருவர் ஊருக்குப் போக வேண்டும். வீட்டில் இதைச் செய்துவிட்டாலும் ஆபீஸ் குரூப் மாறாது, பள்ளிக்கூடம் மாறாது. இதை மக்களின் சோம்பல் என்று திட்டுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. தனி ஆளாக எடுக்க முடியாத முடிவை எடுக்கவில்லை என்று ஒருவரைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

இந்தியப் போட்டி ஆணையம் இந்தப் புள்ளியைப் பிடித்தது. 2021 மார்ச்சில் தானாகவே விசாரணையைத் தொடங்கி, 2024 நவம்பர் 18 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இரண்டின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாற்று இல்லாத இடத்தில் ‘ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு’ என்று சொல்லி வாங்கும் சம்மதம் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்பதுதான் உத்தரவின் சாரம். தனியுரிமை வழக்காக அல்லாமல் சந்தை வழக்காக இதைப் பார்த்ததுதான் அதன் பலம். விளம்பரத்துக்காக மற்ற மெட்டா நிறுவனங்களோடு தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தி, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

இதுவரை சொன்னது ஒரு பூட்டு. அதற்கு அடியில் போனே போடும் பூட்டு ஒன்று இருக்கிறது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறியவர்களைக் கேட்டால் தெரியும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகும், ஐபோனில் ஐகிளவுடுக்கு. இது அதைப் படிக்காது, அது இதைப் படிக்காது. பல ஆண்டுகள் இந்த நிலைதான். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு உரையாடலை எடுத்துப் போகும் வசதி 2021 ஆகஸ்டில் சாம்சங் போன்களோடு தொடங்கியது. எதிர்த்திசையில் போக 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஆப், ஒரே எண், ஒரே ஆள். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவு அந்தப் பேக்கப்பில் இருந்தால் புதுப் போன் வாங்கும் முடிவையே அது மாற்றிவிடும். ‘எக்ஸ்போர்ட் சாட்’ என்று ஒன்று உண்டு. அழுத்தினால் தேதி, பெயர், வரி என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோப்பில் இருக்கும் மனிதர்களோடு அங்கிருந்து தொடர்ந்து பேச முடியாது.

போன் வைக்கும் பூட்டின் அசல் உருவத்தைச் சென்னை நிறுவனம் ஒன்று 2024 மார்ச் 1 அன்று பார்த்தது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி போன்ற வரன் தளங்களை நடத்தும் மேட்ரிமோனி டாட் காமின் ஆப்களை அன்று கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. நௌக்ரி, 99ஏக்கர்ஸ், ஷாதி உட்பட வேறு பல இந்திய நிறுவனங்களின் ஆப்களும் காணாமல் போயின. சண்டை கமிஷனைப் பற்றியது. ஆப்புக்குள் கட்டும் சந்தாவில் கூகுளுக்கு 15 முதல் 30 சதவீதம். வேறு வழியாகக் கட்டவும் அனுமதித்தால் 11 முதல் 26. பணத்தை வேறு ஒருவர் வாங்கித் தந்தாலும் கூகுளுக்குக் காசு உண்டு என்பதுதான் நிறுவனங்களின் எரிச்சல். ஸ்டோரையும் ஆண்ட்ராய்டையும் பராமரிக்கச் செலவாகிறது, பெரும்பாலான ஆப்கள் எங்களுக்கு ஒரு பைசாகூடத் தருவதில்லை என்பது கூகுளின் பதில். சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறுவனங்கள் தோற்றன. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. மார்ச் 1 அன்று ஆப்கள் போயின. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பின.

அந்தச் சில நாளில் நடந்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தளங்கள் வலையில் அப்படியே இருந்தன. முகவரியை உலாவியில் அடித்தால் திறக்கும், வரன் தேடலாம், பணமும் கட்டலாம். கூகுள் கைவைத்தது ஆப்பில் மட்டும்தான். ஆனாலும் அந்த நிறுவனங்கள் பதறியதற்குக் காரணம், மக்கள் இப்போது இருப்பது ஆப்பில்தான். இதில் பழக்கம் பாதி, மீதி போன் தயாரித்தவர்களின் கைவேலை. முகப்பில் வைத்த இணையதளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுப்பும் வசதியை ஐபோன் 2023 மார்ச் வரை தரவே இல்லை. ஐரோப்பாவில் புதுச் சட்டம் வந்ததும், அங்கே அத்தகைய வலைச் செயலிகளையே முடக்கப் போவதாக 2024 பிப்ரவரியில் ஆப்பிள் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே வாரத்தில் பின்வாங்கியது.

அந்தப் புதுச் சட்டம்தான், டிஜிட்டல் சந்தைகள் சட்டம், வெளியேறும் வழியை நேரடியாகத் தொட்டது. 2023 செப்டம்பரில் மெட்டா, ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட ஆறு நிறுவனங்களை வாயில்காப்போர் என்று அறிவித்து, 2024 மார்ச் முதல் கடமைகளை விதித்தது. அவற்றில் ஒன்று, வேறு அரட்டைச் சேவை கேட்டால் வாட்ஸ்அப் அதோடு இணைந்து பேச வேண்டும். முதலில் இருவருக்கு இடையிலான செய்தி, படம், குரல் பதிவு. பிறகு குரூப். நான்கு ஆண்டுக்குள் அழைப்புகள்.

கேட்க அருமையாக இருக்கிறது. நடந்தது என்ன? முதலில் இணைய வந்தவை பேர்டிசாட், ஹைகெட் என்ற இரு சிறு சேவைகள், அதுவும் 2025 நவம்பரில். இந்தப் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. யாருடைய வரவுக்காக இந்தச் சட்டம் என்று நினைத்தோமோ அந்தச் சிக்னலும், அதைப் போலவே பாதுகாப்பை முன்னிறுத்தும் திரீமா என்ற அரட்டைச் சேவையும் வர மறுத்துவிட்டன. வாட்ஸ்அப்போடு இணைந்தால் எங்கள் பயனரின் பாதுகாப்பு அவர்கள் தரத்துக்கு இறங்கிவிடும், புறத்தகவலும் அவர்கள் கைக்குப் போகும் என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. திறந்த கதவு வழியாகக் குப்பையும் வரும் என்பதற்கு நம் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியே சாட்சி. ஆனாலும் மின்னஞ்சல் முகவரியைத் தந்த சேவை பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போய், பழைய நண்பர்களுக்கு அங்கிருந்தே எழுதலாம். எனக்கு அது பெரிய விஷயம்.

நம் நாட்டில் இதற்கு ஐரோப்பாவைப் பார்க்க வேண்டியதே இல்லை, யுபிஐ இருக்கிறது. போன்பே வைத்திருப்பவர் கூகுள் பே வைத்திருக்கும் காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்புகிறார், இருவருக்கும் அது ஒரு செய்தியே அல்ல. 2016-இல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதை அப்படித்தான் கட்டியது. இணைப்பு இருந்தால் ஆதிக்கம் ஒழிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். யுபிஐயின் பெரும்பகுதி இன்றும் இந்த இரண்டு ஆப்களிடம்தான். ஒரு ஆப்புக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பு பலமுறை தள்ளிப்போய், இப்போது 2026 முடிவில் நிற்கிறது. ஆனால் அவர்கள் நாளை ஏதாவது சேட்டை செய்தால் ஐந்து நிமிடத்தில் வேறு ஆப்புக்குப் போய்விடலாம், காய்கறிக்காரரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்தப் பயம் அவர்களுக்கு இருக்கிறது.

ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற ஆப் 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனபோது அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு இதையேதான் பேசினார். இந்தச் சேவைகள் யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த ஆப்பில் மூன்றே நாளில் அது 3.5 லட்சம் ஆனது என்று அவரே எழுதினார். சுதேசி உணர்ச்சி, அமைச்சர்களின் பரிந்துரை, நம் ஊர் கம்பெனி என்ற பாசம் எல்லாம் சேர்ந்த கூட்டம் அது. செய்திகளுக்கு இருமுனைப் பூட்டு அப்போது இல்லை என்ற குறையும் சுட்டப்பட்டது. சில வாரங்களில் அலை தணிந்தது. 2021-இல் சிக்னலுக்கு நடந்ததுதான் இதற்கும். இறக்கியவர் உள்ளே போய்ப் பார்த்தால் பேச ஆள் இல்லை. பின்தங்கி நிற்பவர் இணைப்பு வேண்டும் என்று கேட்பது இயல்பு, கூகுள் டாக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் நின்றது. உச்சியில் நீடித்திருந்தால் ஜோஹோ இதையே சொல்லியிருக்குமா என்று கேட்பவர்களைக் குதர்க்கவாதிகள் என்று தள்ள முடியாது. அதனால்தான் இதை நல்ல மனசுக்கு விடாமல் விதியாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்படி எழுதும் வாய்ப்பு நமக்கு வந்து போனது. தகவல் பாதுகாப்புக்காக 2019-இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவில், தன் தகவலை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. மசோதா திரும்பப் பெறப்பட்டு, 2023 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியபோது அந்த உரிமை அதில் இல்லை. 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. சட்டம் முழுமையாக அமலுக்கு வந்ததும் அழிக்கச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம், சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எடுத்துக்கொண்டு போக முடியாது.

அரட்டை ஆப்களில் அரசு தலையிடுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே நவம்பரின் 28-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், ஜோஹோவின் ‘அரட்டை’ போன்ற ஆப்கள், பதிவுசெய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும். கணினியில் திறந்த வெப் பக்கம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக வெளியேறிவிட வேண்டும். இணைய மோசடியைத் தடுக்க என்பது காரணம், மோசடிகளும் நிஜம்தான். உத்தரவின்படி பார்த்தால், கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவைத்து ஆர்டர் எடுக்கும் கணக்குப்பிள்ளை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியின் போனைத் தேடிப் போய் மறுபடி கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும்.